எழுத்துத் தொலைபேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானபின் அலமாரியைக் காலி செய்வார்கள். சில வீடுகளில் அப்போது ஒரு விநோதமான பெட்டி வெளியே வரும். டைப்ரைட்டர் மாதிரி இருக்கும், ஆனால் தாளைச் செருக உருளை இருக்காது. போன் மாதிரியும் இருக்கும், ஆனால் காதில் வைக்க எதுவும் இருக்காது. உடனே படம் பிடித்து "இது என்ன, எறிந்துவிடலாமா?" என்று எனக்கு அனுப்புவார்கள். என் அப்பாவின் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அத்தை வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தது, அதன் பக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். பல வருடங்களாக இந்தக் கருவிகளைச் சேர்த்துப் பழுது பார்த்தும் வருகிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன கருவி? எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். காது கேளாதவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒருவரோடு ஒருவர் எழுத்தில் பேசிக்கொள்ளச் செய்த கருவி இது. அமெரிக்காவில் டீடீஒய் என்றும் டீடீடீ என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் 'மினிகாம்' என்ற ஒரு மாதிரியின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் டெல்காம் என்ற தொலைபேசி நிறுவனம் வழியாக வந்ததற்கு 'டெல்டெம்' என்று பெயர். உங்கள் வீட்டுப் பெட்டியில் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை இருக்கலாம், அல்லது ரிசீவரைக் கவிழ்த்து வைக்க மேலே இரண்டு ரப்பர் குழிகள் இருக்கலாம். ஒரே ஒரு வரி காட்டும் சின்னத் திரையும் அதன் கீழே விசைப்பலகையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் அது.

எழுத்து எப்படிக் கம்பி வழியாகப் போகிறது?

சத்தமாகத்தான். காது கேளாதவருக்கான கருவி முழுக்க முழுக்கச் சத்தத்தால் இயங்குகிறது என்று முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் கருவி இரண்டு சுருதிகளை மாற்றி மாற்றி ஊதுகிறது. ஒன்று 1400 ஹெர்ட்ஸ், மற்றது 1800 ஹெர்ட்ஸ். முதலாவது 'ஒன்று', இரண்டாவது 'சுழி'. ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து ஒன்று-சுழிகள். முன்னால் ஒரு தொடக்கக் குறியும் பின்னால் ஒன்றரைக் குறி நீளமுள்ள முடிவுக் குறியும் சேரும். ஒவ்வொரு குறிக்கும் 22 மில்லி விநாடி ஆவதால் ஓர் எழுத்து போய்ச்சேர ஏறக்குறைய 165 மில்லி விநாடி, அதாவது விநாடிக்கு ஆறு எழுத்து. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் நான்கு விசைகளாகத் தட்டினால் ஒரு விநாடிக்குள் அந்தப் பக்கம் போய்விடும். சாதாரணமாக டைப் அடிப்பவர் கைக்கு இந்த வேகம் போதும். இது அமெரிக்க முறை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே குறியீட்டைச் சற்று வேகமாக, விநாடிக்கு 50 குறி என்ற கணக்கில் அனுப்பினார்கள். அமெரிக்காவில் அது 45.45.

இந்த ஐந்து குறி முறை தொலைபேசியைவிட மூத்தது. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ 1870களில் உருவாக்கியது. 1901 வாக்கில் டொனால்ட் மர்ரி என்பவர் அதைத் திருத்தினார். தந்தி நாடாவில் ஓட்டை போடும் இயந்திரம் தேயாமலிருக்க, ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்துகளுக்குக் குறைந்த ஓட்டை என்று கணக்குப் பண்ணி வைத்தார். இ, டீ ஆகிய எழுத்துகளுக்கும் இடைவெளிக்கும் ஒவ்வோர் ஓட்டைதான். ஐந்தும் ஓட்டையாக இருந்தால் 'எழுத்துக்குத் திரும்பு' என்று பொருள். தப்பாக அடித்த இடத்தில் ஐந்து ஓட்டையையும் போட்டுவிட்டால் பிழை மறைந்துவிடும். நாடாவும் ஓட்டையும் போய் எத்தனையோ காலம் ஆகிறது. அத்தை வீட்டுக் கூடத்தில் இருந்த பிளாஸ்டிக் பெட்டிகளின் காலத்திலும் மர்ரியின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் திடீரென்று எண்ணும் கோடும் புள்ளியுமாக வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

அநேகமாகக் கெடவில்லை. ஐந்து குறியில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். 26 ஆங்கில எழுத்து போனால் எண்களுக்கு இடம் ஏது? ஆகவே ஒரே சேர்க்கைக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். 'இனி எண்' என்று ஒரு குறி போகும், அதற்குப் பின் வருவதெல்லாம் எண்ணாகவும் நிறுத்தக் குறியாகவும் படிக்கப்படும். 'இனி எழுத்து' என்ற குறி வந்ததும் பழையபடி எழுத்து. கம்பியில் ஒரு கரகரப்பு வந்து அந்த மாற்றக் குறியை விழுங்கிவிட்டால் அடுத்த குறி வரும்வரை எல்லாம் தலைகீழ்தான்.

இதைப் படிக்கும் வித்தையை அத்தையிடம் கற்றேன். 1930இல் வந்த டெலிடைப் 15ஆம் மாதிரி போன்ற பழைய தந்தித் தட்டச்சு இயந்திரங்களில் விசைகள் மூன்றே வரிசை. எண்ணுக்குத் தனி வரிசை கிடையாது. மேல் வரிசையில் உள்ள க்யூ, டபிள்யூ, இ, ஆர், டீ, ஒய், யூ, ஐ, ஓ, பீ என்ற பத்து எழுத்துகளே முறையே 1, 2, 3 என்று தொடங்கி 9, 0 வரை எண்களாக நிற்கும். பிறகு வந்த கருவிகளில் எண்களுக்கு நான்காவது வரிசை வந்தது, ஆனால் உள்ளே அதே பழைய ஜோடிதான். ஏ என்ற எழுத்தின் ஜோடி சிறு கோடு, எம் எழுத்தின் ஜோடி புள்ளி. திரையில் -00- என்று வந்தால் எதிர்ப்பக்கம் 'அப்பா' என்று அடித்திருக்கிறார்கள். -..- என்று வந்தால் 'அம்மா'. அத்தை இதையெல்லாம் முகம் சுளிக்காமல் அப்படியே வாசித்துக்கொண்டு போவார்.

எண் எழுத்தாக மாறினால்தான் ஆபத்து. டர்பனின் 031 என்ற குறியீடு பீ-இ-க்யூ என்று வந்து நிற்கும். அதனால் போன் நம்பரையோ பணத் தொகையையோ இரண்டு தடவை அடிப்பது வழக்கம். அத்தை ஒருபடி மேலே போய் மூன்றாவது தடவை ஆங்கிலச் சொல்லாகவே எழுதிவிடுவார்.

எல்லா அழைப்பிலும் எல்லா எழுத்தும் குப்பையாக வந்தால் விஷயம் வேறு. எதிர்க் கருவி வேறு குறியீட்டில் பேசுகிறது என்று பொருள். ஜெர்மனிக்கு ஒன்று, டென்மார்க்குக்கு ஒன்று, பிரான்ஸின் மினிடெல்லுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இவற்றை இணைக்கத்தான் 1994இல் வி.18 என்ற சர்வதேசத் தரம் வந்தது. உங்களிடம் டெல்டெம் இருக்கிறது என்பதற்காக அமெரிக்கக் கருவி ஒன்றை வாங்கினால் இரண்டும் பேசிக்கொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். காது கேளாதவர்களுக்காக யாரோ இரக்கப்பட்டுச் செய்து கொடுத்த பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். செய்தவர்கள் மூவருமே காது கேளாதவர்கள்.

ராபர்ட் வெய்ட்பிரெக்ட் கலிஃபோர்னியாவில் இருந்த இயற்பியல் அறிஞர். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். வானொலியில் டெலிடைப் இயந்திரம் இணைத்து ஊர் ஊராக எழுத்தில் அளவளாவிக்கொண்டிருந்தவர். ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் பாசடீனாவில் பல் சீரமைப்பு மருத்துவர். ஆண்ட்ரூ சாக்ஸ் பொறியியல் படித்த தொழிலதிபர். வானொலியில் முடிவது தொலைபேசியில் ஏன் முடியாது என்ற கேள்வியோடு தொடங்கினார்கள். 1964இல் வெய்ட்பிரெக்ட் தன் கருவியோடு ரெட்வுட் சிட்டியிலும் மார்ஸ்டர்ஸ் பாசடீனாவிலும் உட்கார்ந்து முதல் தொலைதூர அழைப்பைச் செய்தார்கள். முதலில் வந்ததெல்லாம் குழப்ப எழுத்து. கொஞ்சம் திருத்தியபின் தெளிவாக வந்தது. அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். அதற்கு 88 வருடம் கழித்துத்தான் இது நடக்கிறது.

அந்த ரப்பர் குழிகளும் அங்கிருந்து வந்தவைதான். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அன்று தன் கம்பியில் வெளியார் கருவி எதையும் இணைக்க விடவில்லை. கம்பியைத் தொடாமல் ரிசீவரின் வாய்க்கும் காதுக்கும் சத்தம் மூலமாகவே பேசும் குழியை வெய்ட்பிரெக்ட் செய்தார். தூரத்து அழைப்பில் திரும்பி வரும் எதிரொலி எழுத்தைக் குலைக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய பெரிய வெற்றி. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கின் தீர்ப்பு வந்து அந்தத் தடை தளர்ந்தது. அதே வருடம் அந்த நிறுவனம் தனக்கு வேண்டாத பழைய டெலிடைப் இயந்திரங்களைக் காது கேளாதோருக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். காது கேளாத தொண்டர்களே தூக்கிப் போய், எண்ணெய் போட்டு, பழுது பார்த்து வீடு வீடாக வைத்தார்கள். யார் வீட்டில் இயந்திரம் இருக்கிறது என்று தனி டைரக்டரியும் அச்சிட்டார்கள். மேசையில் அடங்கும் மின்னணுக் கருவி 1970களில்தான் வந்தது.

வெய்ட்பிரெக்ட் 1983இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் படம் ஒன்றை என் வேலை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

நம் நாட்டில் இதை நிறையப் பேர் வைத்திருந்தார்களா?

இல்லை. அதற்குக் காரணம் பல.

முதலாவது, இரு பக்கமும் கருவி வேண்டும். அத்தையிடம் ஒன்று, ஃபீனிக்ஸில் அவருடைய தோழியிடம் ஒன்று. அத்தையின் உலகத்தில் போன் பேசக்கூடியவர் அந்த ஒருவர்தான். டாக்டரிடமோ, வங்கியிலோ, மகன் படித்த பள்ளியிலோ கருவி கிடையாது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி 1993க்குள் நாடு முழுவதும் ரிலே சேவை வந்துவிட்டது. நடுவில் ஓர் ஊழியர் இருந்து எழுத்தைப் பேச்சாகவும் பேச்சை எழுத்தாகவும் மாற்றித் தருவார். பிரிட்டனில் 1991இலேயே டைப்டாக் தொடங்கியது. டெல்டெம் இங்கே வந்தபோது நம் நாட்டில் அப்படி ஒரு தேசிய ரிலே இல்லை. எங்கள் வீட்டில் ரிலே நான்தான். பத்து வயதில் அத்தையின் சார்பாக ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து, அவருடைய உடம்பைப் பற்றி ஒரு சிறுவன் கேட்கக்கூடாத பதிலைக் கேட்டு, கையசைவில் அவருக்குச் சொன்னேன். எழுத்துத் தொலைபேசியின் அருமை அன்று எனக்குப் புரிந்தது. தோழியிடம் அத்தை என்ன பேசினார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது, கருவி வேண்டுமானால் முதலில் வீட்டில் போன் இணைப்பு வேண்டும். நிறவெறி ஆட்சியில் டவுன்ஷிப்புகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கம்பியே போகவில்லை. நம்மவர்கள் பலரிடம் இருந்தது, கறுப்பின மக்களில் பெரும்பாலோரிடம் இல்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகளும் இனவாரியாகப் பிரிந்து கிடந்தன. பல பள்ளிகளில் கையசைவைத் தடுத்து வாயசைவைப் படிக்கவே வற்புறுத்தினார்கள். பிள்ளையின் இயல்பான மொழி சைகை மொழி. ஆங்கில எழுத்து அதற்கு இரண்டாம் மொழி, பலருக்கு அதுவும் அரைகுறையாகத்தான் கிடைத்தது. கருவியோ எழுத்தில் மட்டும்தான் பேசும். "கருவி கொடுத்தோம், அவர்கள் பயன்படுத்தவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

2000களின் தொடக்கத்தில் மேற்கு கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேப் டவுன் காது கேளாதோரோடு சேர்ந்து, டெல்டெம்மைக் கணினி வழியாகப் பேச்சோடு இணைக்கும் பாலங்களைக் கட்டிப் பார்த்தார்கள். அதற்குள் செல்போன் எல்லார் கைக்கும் வந்து எஸ்எம்எஸ் முந்திக்கொண்டது.

போன் வந்தால் எப்படித் தெரியும்? பேச்சை எப்படித் தொடங்குவார்கள், முடிப்பார்கள்?

மணிக்குப் பதில் விளக்கு. அத்தை வீட்டில் மேசை விளக்கு ஒன்று போன் வந்தால் விட்டு விட்டு எரியும். சாமி அறையிலும் அந்த வெளிச்சம் தெரியும்படி வைத்திருந்தார்.

ஒரே நேரத்தில் இருவரும் அடித்தால் இரண்டும் கலந்து குப்பையாகிவிடும். அதனால் முறை வைத்துப் பேச வேண்டும். தன் முறை முடிந்ததும் 'ஜீஏ' என்று அடிப்பார்கள், நீ பேசு என்று அர்த்தம். 'எஸ்கே' என்றால் நான் முடித்துக்கொள்கிறேன். மற்றவரும் எஸ்கே அடித்தபின் வைத்துவிடலாம். கேள்விக்குறிக்கு எண் பக்கம் தாவ வேண்டும் என்பதால் க்யூ என்ற எழுத்தையே கேள்விக்குறியாக வைத்துக்கொண்டார்கள். தப்பாக அடித்தால் பின்னால் போய் அழிக்கிற வேலை இல்லை, மூன்று தடவை எக்ஸ் அடித்துவிட்டு மேலே போவார்கள். அத்தை 'சாப்பிட்டியா' என்று ஆங்கில எழுத்தில் அடித்து க்யூ, பிறகு ஜீஏ போடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்ததும் 'ஜீஏ' என்று சொல்லும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

தமிழில் அடிக்க முடியுமா?

முடியாது. நமக்கு 247 எழுத்து, அந்தக் குறியீட்டில் இடம் 32. ஆங்கிலத்திலேயே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வித்தியாசத்துக்கு இடம் இல்லை.

ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதுதான் வழி. அப்படி அடித்தால் பழமும் பலமும் பாலமும் ஒன்றாகிவிடும். தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இது புதிதல்ல. 1860இல் ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியதிலிருந்து நம் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதி வைத்தார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். அத்தை தன் குடும்பப் பெயரை அந்த எழுத்துக்கூட்டலில்தான் எப்போதும் அடித்தார், வேறு எழுத்தில் அவருக்குத் தெரியாது.

இன்றைய 'நிகழ்நேர எழுத்து' முறை யூனிகோடில் போவதால் அதில் தமிழ் தடையில்லாமல் போகும். அடிக்க அடிக்க எழுத்து எழுத்தாக எதிர்ப்பக்கம் தெரியும். 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பழைய முறைக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொண்டது.

கீபோர்டை மட்டும் கழற்றிக் கணினிக்குப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய கீபோர்டுகளைச் சேர்க்கும் இளைஞர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. இந்தக் கருவிகள் சிலவற்றில் நல்ல விசைகள் இருந்தன என்பது உண்மை. அன்றாடம் மணிக்கணக்காக அடிக்கிறவருக்காகச் செய்தவை. ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஓடுகிற கருவியைப் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் பெரிய பலனும் இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் வரிசை எதுவும் கிடையாது. யூஎஸ்பி இல்லை, வெறும் குறுக்கு நெடுக்குக் கம்பிகள். சின்ன மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை வைத்து எந்த விசை எந்தக் கம்பிகளை இணைக்கிறது என்று நீங்களே வரைபடம் போட வேண்டும். விசைக்கு அடியில் நுரையும் தகடும் இருக்கும் வகையானால் அதுவும் நடக்காது, அதைப் படிக்கத் தனி மின்சுற்று தேவை.

ஏற்கெனவே செத்துப்போன, பலகை அரித்துப்போன கருவியானால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். விசைமூடிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், உடைந்த விசையோடு வரும் கருவிகளுக்கு வேண்டும்.

சில விசைகள் வேலை செய்யவில்லை. எப்படிச் சரி செய்வது?

விசைமூடியை நேராக மேலே இழுத்து எடுங்கள். சாய்த்து நெம்பினால் தண்டு ஒடியும். கம்பியை வளைத்து இரு பக்கமும் கொக்கி போட்டு இழுத்தால் நல்லது. உள்ளே தெரியும் தண்டைப் பாருங்கள். கூட்டல் குறி வடிவத்தில் இருந்தால் செர்ரி வகை, நீள்சதுரத் துளை இருந்தால் ஆல்ப்ஸ் வகை. இரண்டிலும் உலோகத் தொடுப்புத்தான் வேலை செய்கிறது. கருவியை அணைத்து, பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு ஐம்பது தடவை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். அன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

அடியில் ரப்பர் கிண்ணமும் அதற்குள் கறுப்புப் பொட்டும் இருந்தால், அந்தப் பொட்டையும் எதிரே உள்ள தடத்தையும் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்டின் அடியில் நுரையும் அதன் கீழ் மெல்லிய தகடும் இருந்தால், கெட்டுப்போனது அந்த நுரை. வயதானால் அது மாவாக உதிரும், எல்லா விசையும் ஒரே காலத்தில் சாகத் தொடங்கும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், பொறுமை கேட்கும் வேலை. டர்பன் கடற்காற்றும் புழுக்கமும் இதை இன்னும் சீக்கிரம் உதிர்க்கின்றன என்பது என் அனுபவம்.

பேட்டரி, மின்சாரம் பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேறு எதையும் செய்வதற்கு முன் இதைத்தான் கவனிக்க வேண்டும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கருவியை நேரே பிளக்கில் செருகாதீர்கள்.

பலவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரிக் கட்டு இருக்கும். பழசானால் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப் பலகையின் செப்புத் தடத்தைத் தின்னும். கையுறை போட்டுக்கொண்டு கட்டை எடுத்துவிடுங்கள். கசிவு காரத் தன்மை உள்ளது, அதனால் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் நஞ்சு.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவியானால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே வருவது ஏசியா டீசியா என்று பழைய அடாப்டரின் தகட்டில் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

உள்ளே பழைய அச்சுச்சுருள் இருக்கிறது. மங்கிப்போகிறது. காப்பாற்றலாமா?

வெப்பத்தால் கறுக்கும் தாள் அது. கடை ரசீது மங்குவது போலவே மங்கும். வெயிலும் பிளாஸ்டிக் உறையும் இன்னும் சீக்கிரம் அழித்துவிடும். இன்றே படம் பிடித்துக்கொண்டு, தாளை இருட்டில், சாதாரணக் காகித உறையில் வையுங்கள்.

ஆனால் படிப்பதற்கு முன் ஒன்று. அது இருவர் போனில் பேசிக்கொண்டது. யாருடையதோ அவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேளுங்கள். காலமாகிவிட்டால் மறுமுனையில் இருந்தவரைத் தேடுங்கள். ஒரு வீட்டில் பேத்தி ஒருத்தி சுருளை விரித்துப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், ஆனால் பாட்டியின் தோழி அதைப் பார்த்து மிகவும் வருந்தினார். காது கேட்பவர்கள் போனில் பேசியது காற்றோடு போய்விட்டது. இவர்கள் பேசியது மட்டும் தாளில் நின்றுவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"செவிடு" என்று எழுதலாமா?

என்னிடம் கேட்டால் வேண்டாம். "காது கேளாதவர்" போதும். "ஊமை" என்பதை வீட்டிலும் சொல்லாதீர்கள். 2023 ஜூலை 19 அன்று தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இந்த நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆகிவிட்டது. அத்தையின் மொழிக்கு அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்று யாராவது இதைப் பயன்படுத்துகிறார்களா?

என்னைச் சுற்றி யாரும் இல்லை. வாட்ஸ்அப் வீடியோவில் கையசைத்துப் பேசுகிறார்கள், இரண்டாம் மொழியில் எழுத்துக்கூட்ட வேண்டிய தொல்லை இல்லை. அத்தையும் அப்படித்தான், போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு இரு கையாலும் பேசுகிறார்.

எங்கள் வீட்டில் ஃபைபர் வந்துவிட்டது, செப்புக் கம்பி இல்லை. செல்போனில் வைத்தால் ஓடுமா?

செல்போன் குரலைச் சுருக்கி அனுப்பும். மனிதக் குரலுக்கென்று செய்த சுருக்கம் என்பதால் இந்தச் சுருதிகளைச் சிதைத்துவிடும். நாலெழுத்து வரும், ஐந்தாவது குப்பை. தட்டையான போன் குழியிலும் உட்காராது. ஃபைபர் வழியாக வரும் இணையத் தொலைபேசியில் சுருக்கம் இல்லாத ஜி.711 முறையை அமைத்தால் ஓரளவு ஓடும், இணையத்தில் துண்டு துண்டாகப் போகும் தரவுப் பொட்டலங்கள் தொலைந்தால் எழுத்தும் தொலையும். ரிசீவர் வட்டமான பழைய மேசைப் போன் ஒன்றைத் தேடி வையுங்கள்.

என்னிடம் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. எதிரே ஆள் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

கணினியே எதிராள் ஆகலாம். மினிமோடம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் டீடீடீ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 45.45 வேகத்தில் போடோ குறியீட்டைக் கேட்கவும் அனுப்பவும் செய்யும். ரப்பர் குழிக்கு அருகில் கணினியின் மைக்கை வைத்து, கருவியில் அடியுங்கள். எழுத்து கணினித் திரையில் வரும். பதில் அனுப்பக் கணினியின் ஸ்பீக்கரைக் குழியின் காதுப் பக்கம் வையுங்கள். சத்தம் மிதமாக இருக்கட்டும், அதிகமானால் சுருதி உடைந்து எழுத்து கெடும். அறையில் டிவியும் மின்விசிறியும் ஓடக்கூடாது.

போன வருடம் நான் இப்படி ஒன்றைச் சரிசெய்து முடித்ததும் சோதித்துப் பார்க்க அத்தையை அழைத்து வந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன செய்கிறீர்கள், சாப்பிட்டாயிற்றா என்று அடித்து, க்யூ போட்டு, ஜீஏ போட்டார். எல்லா எழுத்தும் பிசகாமல் என் கணினியில் வந்தது. நான் சந்தோஷத்தில் திரும்பி அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னத் திரையையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். நான் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு அடிக்கத் தொடங்கினேன்.